லெரோயிகா நிரந்தரப் பாதை: டயரை விட கியர்தான் முக்கியம்

இத்தாலியில் சியேனாவைச் சுற்றி, திராட்சைத் தோட்டங்களுக்கும் களிமண் குன்றுகளுக்கும் நடுவே ஓடுகிறது லெரோயிகா நிரந்தரப் பாதை. கிராவல் சைக்கிள் (கல் சாலையிலும் ஓட்டத் தடித்த டயர் போட்டது) வைத்திருப்பவர்கள் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டிய வழி. காயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் தொடங்கி 209 கிலோமீட்டர் சுற்றி அங்கேயே வந்து முடிகிறது. பாதிக்கு மேல் தார் போடாத வெள்ளைச் சாலை. மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். கட்டணம் கிடையாது, ஆண்டு முழுவதும் போகலாம், திருப்பங்களில் பழுப்பு நிறப் பலகைகள் வழிகாட்டும்.

1997-இல் 92 பேரோடு தொடங்கிய லெரோயிகா என்ற பழைய சைக்கிள் விழாவின் தடம் இது. அக்டோபர் முதல் ஞாயிறன்று நடக்கும் அந்த விழாவுக்கு 1987-க்கு முந்தைய சைக்கிள்தான் வேண்டும். மற்ற நாட்களில் எந்த சைக்கிளிலும் போகலாம். வழி அருமை, வழியில் கிடைக்கும் வசதிகள் சுமார். சைக்கிளைச் சரியாகத் தயார் செய்யாமல் போனால் இரண்டாம் நாளே முழங்கால் பேசும்.

இந்தப் பாதைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது டயரைப் பற்றித்தான். சாலையில் கிடப்பது பெரும்பாலும் பொடிக்கல், நல்ல டயர் எதுவும் சமாளித்துவிடும். ஆளைச் சாய்ப்பது சரிவு. ஆல்ப்ஸ் மலைபோல ஒரே சீராக ஏறும் சாலைகள் இங்கே குறைவு. சில நூறு மீட்டர் செங்குத்தாக ஏறும், உடனே இறங்கும், மறுபடி ஏறும், இப்படியே நாள் முழுக்க. இதே வெள்ளைச் சாலைகளில் நடக்கும் தொழில்முறை சைக்கிள் பந்தயமான ஸ்த்ராதே பியான்கேயில் வரும் லே தோல்ஃபே பகுதியின் நீளம் வெறும் 1.1 கிலோமீட்டர்தான், ஆனால் அதன் உச்சச் சரிவு 18 சதவீதம்.

கணக்குப் போட்டால் விளங்கும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 90 கிலோ, சரிவு 15 சதவீதம், நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதியோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில் 42 பல் என்றால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர், அதற்குச் சுமார் 290 வாட் வேண்டும். முன்னே 30, பின்னே 34 என்றால் சுமார் 270 வாட். முன்னே 40, பின்னே 51 என்றால் 240 வாட் போதும். அந்த 50 வாட் வித்தியாசம் ஓர் ஏற்றத்தில் பெரிதாகத் தெரியாது, முப்பதாவது ஏற்றத்தில்தான் தெரியும். மிதியை மெதுவாக்கினால் வாட் குறையும், ஆனால் சுமை முழங்காலுக்குப் போகும். எழுந்து நின்று மிதிக்கவும் வழியில்லை. உடல் எடை முன்னே போனதும் பின்சக்கரம் உதிர்கல்லில் பிடிப்பின்றிச் சுழலும், சைக்கிள் நின்றுவிடும். இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, உட்கார்ந்தபடியே ஏற வேண்டும். அதற்குக் கியர் இடம் கொடுக்க வேண்டும். முன்னால் ஒரே பல்சக்கரம் என்றால் பின்னால் 50 பல்லுக்குக் குறையாமல் பாருங்கள். முன்னால் இரண்டு என்றால் சிறியது 30 அல்லது 31, பின்னால் 34 அல்லது 36.

வாடகைக்கு எடுப்பவர்கள் இதை முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. “கிராவல் சைக்கிள்” என்று சொல்லிவிட்டு முன்னே 34, பின்னே 32 பல் வைத்த ரோடு சைக்கிளுக்குத் தடித்த டயர் மாட்டித் தருவது எங்கும் நடப்பதுதான். வண்டியை வாங்கும்போது பிரேக் பேடின் தடிமன், டயர் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்டை ஊற்றிய தேதி, பாட்டில் தாங்கியின் திருகுகள் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடைசியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. வரிவரியாகச் சாலை குலுக்குவதில் முதலில் கழல்வது அந்தத் திருகுகள்தான்.

டயர் 38 முதல் 42 மி.மீ அகலம் போதும். நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு முடிச்சுகளோடும் இருப்பதே சரி, ஏனென்றால் மீதிப் பாதி தார்ச்சாலை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ ட்யூப்லெஸ் டயரில் முன்னே 30 முதல் 32, பின்னே 33 முதல் 35 பி.எஸ்.ஐ. இதைவிட ஏற்றினால் கல்லில் துள்ளும், குறைத்தால் பள்ளத்தில் விளிம்பு அடிபடும். டயருக்கு 45 முதல் 60 மில்லி சீலன்ட். வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் கிளம்பும் முன் வால்வைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளும் கிழிசலும் வரும்போது அடைக்க ஒரு ப்ளக், அதுவும் தோற்றால் ஒரு ட்யூப்.

இறக்கத்தில்தான் விழுகிறார்கள். கார்கள் பிரேக் போடும் வளைவுகளின் உள்பக்கத்தில் சாலை அலை அலையாக மடிந்திருக்கும், அதன் ஓரத்தில் கல் குவிந்திருக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, கார்ச்சக்கரம் இறுக்கி வைத்த தடத்தில் போங்கள். குவியலுக்குள் முன்பிரேக்கைத் தொட வேண்டாம்.

பாதையின் சிறந்த பகுதி அஷானோவைத் தாண்டி வரும் மோந்தே சாந்தே மரியே. 11.5 கிலோமீட்டர் வெள்ளைச் சாலை, மேடும் பள்ளமும் மாறி மாறி. ஸ்த்ராதே பியான்கேயை 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்ற ஃபாபியன் கான்செல்லாராவுக்கு இந்தப் பகுதியைச் சமர்ப்பித்திருக்கிறார்கள். இரு பக்கமும் மரமில்லாத சாம்பல் நிறக் களிமண் மேடுகள், எங்கோ ஒரு பண்ணை வீடு, அதன் வாசல்வரை சைப்ரஸ் வரிசை. கண்ணுக்கு எட்டிய தூரம் நிழல் கிடையாது. அஷானோவில் தண்ணீர் நிரப்பாமல் கிளம்பவே கூடாது. அதற்குப் பிறகு கஸ்தெல்நுவோவோ பெரார்தென்காவரை பெரிய ஊர் எதுவும் இல்லை. கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

மழை பெய்தால் இதே இடம் வேறு இடம். களிமண் பசைபோலப் பிடித்து முன்கவட்டையிலும் பின்சட்டத்திலும் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்ற மறுக்கும்போது பலத்தைக் கூட்டி மிதித்தால் பின்னால் கியர் மாற்றும் கருவியான டிரெய்லியர் சங்கிலியோடு சக்கரத்துக்குள் இழுபட்டு, அது தொங்கும் சிறு அலுமினியத் துண்டு முறிந்துபோகும். இறங்கி, டயர் நெம்பியால் சுரண்டிவிட்டுத் தள்ளுங்கள். டயருக்கு இருபுறமும் 6 மி.மீ இடைவெளியாவது வேண்டும் என்பது இதற்காகத்தான். உங்கள் சைக்கிளுக்கான அந்தத் துண்டு உதிரியாகப் பையில் இருக்கட்டும், ஊருக்கு ஊர் கிடைக்கிற பொருள் அல்ல. இத்தாலியைச் சுற்றி நடக்கும் ஜீரோ தி’இத்தாலியா பந்தயத்தில் 2010-இல் மொன்தால்சினோவில் முடிந்த கட்டத்தை காடெல் எவன்ஸ் வென்றபோது, சேற்றில் அவருடைய உலக சாம்பியன் சட்டையின் வண்ணமே தெரியவில்லை. கனமழைக்கு மறுநாள் என்றால் தயங்காமல் அஷானோவிலிருந்து லவுரெத்தானா தார்ச்சாலையைப் பிடித்து சியேனா போய்விடலாம். அதுவும் அழகான வழிதான்.

பலகைகளை மட்டும் நம்பிப் போவதைப் பரிந்துரைக்க மாட்டோம். இறக்கத்தில் ஒன்றைத் தவறவிட்டால் திரும்பி ஏற வேண்டிய தண்டனை பெரிது. ஜி.பி.எஸ் கோப்பு கையில் இருக்கட்டும். மூன்று நாளாகப் பிரிப்பதே நல்லது: முதல் இரவு மூர்லோ அல்லது புவோன்கொன்வென்தோ, இரண்டாம் இரவு அஷானோ. மொன்தால்சினோ 564 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை இரண்டாம் நாள் காலையிலேயே, கால் புதிதாக இருக்கும்போது ஏறிவிட வேண்டும். புவோன்கொன்வென்தோவிலும் அஷானோவிலும் ரயில் நிலையம் உண்டு, முடியாவிட்டால் சியேனாவுக்குத் திரும்பலாம். காயோலேக்கு ரயில் இல்லை. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம்வரை நல்ல காலம். செப்டம்பர் நடுவிலும் நல்லதுதான், ஆனால் அறுவடை டிராக்டர்கள் குறுகிய வளைவுகளில் எதிரே வரும்.

சாப்பாட்டு நேரம் தவறினால் பட்டினிதான். மதியம் கடைகளை மூடிவிட்டு நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். இன்னொன்று: தஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். வியர்த்துக் கொட்டும் உடம்புக்கு அது போதாது, உப்புப் பொட்டலமோ எலெக்ட்ரோலைட் மாத்திரையோ கொண்டுபோங்கள். அசைவம் தொடாதவர்களுக்குத் தக்காளியும் பூண்டும் போட்ட ‘பீச்சி’ என்ற தடித்த நூடுல்ஸ் வயிறு நிறையக் கிடைக்கும்.

ஒயினைப் பொறுத்தவரை, சுவைக்கும் வேலையை அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் இத்தாலியில் சைக்கிளுக்கும் வழக்கு உண்டு, வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம். மொன்தால்சினோவின் ப்ருனெல்லோ முழுக்க சாஞ்சியோவேசே திராட்சையில் செய்வது, அறுவடையிலிருந்து ஐந்தாம் ஆண்டு ஜனவரிக்கு முன் விற்பனைக்கு வராது, விலையும் அதற்கேற்ப. அதே ஊரின் ரோஸ்ஸோ இளையது, மலிவானது. பண்ணைகளில் முன்பதிவு கேட்பார்கள். பாட்டிலைப் பையில் சுமக்காதீர்கள், ஊருக்கு அனுப்பித் தரச் சொல்லுங்கள்.