கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் அக்கா கடை தட்டுவடை செட்

சேலத்துல தட்டுவடை செட் எங்க வேணா கிடைக்கும், ஆனா இந்த அக்கா தள்ளுவண்டிக்கு 6 வருஷமா போறேன். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட் கேரட் துருவல், வெங்காயம், பச்சை சட்னி, கார சட்னி எல்லாம் அளவா இருக்கும், வடை நமுத்து ஒருநாளும் பாத்ததில்ல. அக்காவோட வீட்டுக்காரர் கொரோனால தவறினப்புறம் வட்டிக்காரன் வண்டிகிட்டயே வந்து நின்னான், அப்பகூட மிஞ்சின சட்னிய மறுநாள் எடுத்ததே இல்ல, கேட்டா "ஆத்தா பாத்துட்டு இருக்கா கண்ணு"ன்னு சொல்லும். முன்னாடியெல்லாம் வெடுக்குன்னு பேசும், இப்ப ஸ்கூல் பையன் சில்லறை கம்மியா நீட்டுனா எண்ணிக்கூட பாக்காம ஒரு செட் போட்டு கையில குடுக்குது, எனக்கு அத பாத்தாலே மனசு நெறஞ்சிரும். ஆடித் திருவிழா சமயம் கூட்டம் ஜாஸ்தி, சாயங்காலம் 5 மணிக்கே போயிருங்க. ஜிபே இருக்கு.