பழைய மோட்டார்ஹோமுக்கு ஆர்9 ஃபியூல் ஹோஸ் போட்டாச்சு, என் ரிவ்யூ

பழைய மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கி தூங்குற வீட்டு வண்டி) வச்சிருக்கவங்க ஃபியூல் ஹோஸ், அதாவது பெட்ரோல் போற ரப்பர் குழாய், வாங்குறப்ப பிராண்ட் பேரை விட ஹோஸ் மேல அடிச்சிருக்கிற நம்பரை பாருங்க. எஸ்ஏஇ (அமெரிக்க வாகன இன்ஜினியர்கள் சங்கத்தோட தரம்) 30ஆர்7னு இருந்தா கார்ப்ரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸ், 30ஆர்9னு இருந்தா ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது, உள்ள ஃப்ளோரோஎலாஸ்டமர்ங்கற, பெட்ரோலை தாங்குற ரப்பர் லைனிங் இருக்கும். நம்ம வண்டி 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம், 455 கன இன்ச் இன்ஜின், கார்ப்ரேட்டர் தான், இதுக்கு எதுக்கு ஆர்9, அவ்ளோ பிரஷர் எங்க வருதுன்னு கேக்கலாம். நான் வாங்கினது பிரஷருக்காக இல்ல, வாடைக்காகவும் எத்தனாலுக்காகவும் தான்.

ரப்பர் ஹோஸ்ல ஒரு சொட்டு கூட லீக் இல்லன்னாலும் பெட்ரோல் ஆவி சுவர் வழியாவே கசிஞ்சு வெளிய வந்துட்டே இருக்கும். எஸ்ஏஇ கணக்குப்படி ஆர்7 ஹோஸ்ல ஒரு சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்துல 550 கிராம் வரைக்கும் போகலாம், ஆர்9ல 15 கிராம் தான் அனுமதி. கார்னா பரவால்ல, ஓட்டி முடிச்சு இறங்கிடுவோம், மோட்டார்ஹோம்ல பெட்ரோல் டேங்க்குக்கு மேல இருக்கிற தரையில படுத்து தூங்குறோம், குழந்தைங்க தூங்குறாங்க, அதனால இந்த ஒரு நம்பரே எனக்கு போதும். போதாததுக்கு இப்ப வர பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, எழுபதுகள்ல செஞ்ச ரப்பர் அதை மனசுல வச்சு செஞ்சதில்ல, உள்பக்கம் ஊறி உப்பி உதிர ஆரம்பிக்குது, வெளிய பாத்தா நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்.

ஜிஎம்சில ரெண்டு டேங்க், ஹோஸ் எல்லாம் டேங்க் தலைக்கு மேல போகுது, கீழ படுத்து பாத்தா கண்ணுக்கே தெரியாது. டேங்க்கை இறக்காம இந்த வேலை முடியவே முடியாது. இன்ஜின் பக்கம் தெரியுற ரெண்டு முழத்தை மட்டும் மாத்திட்டு ஃபியூல் லைன் மாத்தியாச்சுன்னு சொல்ற மெக்கானிக்கை நம்பாதீங்க, ரொம்ப மோசமா போயிருக்கிறது மேல இருக்கிறது தான். மெக்கானிக்கல் பம்ப் முன்னாடி இன்ஜின்ல இருக்கு, அங்கருந்து டேங்க் வரைக்கும் முழுக்க உறிஞ்சுற லைன், அதனால விரிசல் விட்ட ஹோஸ் சொட்டாது, காத்தை உள்ள இழுக்கும். வெயில்ல மேட்டுல ஏறுறப்ப வண்டி திணறுது, நின்னா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னா எல்லாரும் வேப்பர் லாக் (சூட்டுல பெட்ரோல் லைனுக்குள்ளயே ஆவியாகி அடைக்கிறது)னு சொல்லி கார்ப்ரேட்டரை கழட்டுவாங்க, முதல்ல இந்த ஹோஸை பாருங்க.

இப்ப ஹோஸ் பத்தி. ஆர்9 விறைப்பா இருக்கு, இறுக்கமான வளைவுல மடங்கி அடைச்சுக்கும், அதனால கொஞ்சம் நீளம் விட்டு பெரிய வளைவா கொண்டு போகணும், இல்லன்னா வளைவு வர இடத்துல ஸ்டீல் பைப்பையே வளைச்சு போடணும். ரம்பத்தால அறுக்காதீங்க, தூள் நேரா கார்ப்ரேட்டருக்கு போகும், கூர்மையான பிளேடு போதும். ஆர்9 டேங்க்குக்கு உள்ள முங்குற இடத்துக்கு ஆகாது, அதுக்கு ஆர்10னு தனி ஹோஸ் இருக்கு. கிளாம்ப்ல பல் வெட்டின சாதா ஸ்க்ரூ கிளாம்ப் ரப்பரை அறுத்துடும், ஓரம் மடிச்ச ஃபியூல் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்குங்க, ஆனா அது கொஞ்ச அளவுக்கு தான் இறுகும், ஹோஸோட வெளி விட்டத்தை அளந்துட்டு தான் வாங்கணும்.

டேங்க் இறங்கினதோட ஃபில்லர் ஹோஸ் (பெட்ரோல் ஊத்துற வாயிலருந்து டேங்க்குக்கு போறது), வென்ட் ஹோஸ் (டேங்க்லருந்து காத்தும் ஆவியும் போறது), ஜெனரேட்டருக்கு போற லைன் எல்லாத்தையும் மாத்திடுங்க. ஃபில்லர் ஹோஸ் தான் கிடைக்கிறது கஷ்டம், ரேடியேட்டர் ஹோஸ் அதே சைஸ்ல இருக்குன்னு தூக்கி போட்டுடாதீங்க, அது பெட்ரோலை தாங்காது. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியை கழட்டிட்டு கேஸ் சிலிண்டரையும் மூடிடுங்க, கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ்லயும் ஹீட்டர்லயும் பைலட் லைட்ங்கற சின்ன நெருப்பு எப்பவும் எரியுதுங்கறது நிறைய பேருக்கு ஞாபகமே வராது, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா ஊர்ந்து போய் அந்த நெருப்பை பிடிச்சுக்கும்.

மாத்தினப்புறம் காலைல கதவைத் திறந்தா அடிக்கிற வாடை சுத்தமா போச்சு, மேட்டுல திணறலும் இல்ல. விலை ஆர்7ஐ விட நல்லாவே ஜாஸ்தி, ஆனா டேங்க் இறக்குற கூலிக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, இறக்கிட்டு மறுபடி சாதா ஹோஸை போட்டு ஏத்துறதுல எனக்கு அர்த்தமே தெரியல. கொஞ்சம் ஓட்டினப்புறம் கிளாம்ப் எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டு பாத்துக்கோங்க, புது ரப்பர் அமுங்கினா சிலது லூஸாகும்.