"ஒரு சைஸ் பெருசா போடலாம் சார்" என்று சொன்னால் உஷார்

தினமும் வேலைக்குப் போய்வர வைத்திருக்கும் 100 சிசி, 125 சிசி வண்டிக்குப் பின் டயர் மாற்றப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 80/100-18. டயர் கடைக்காரர் என் தலையில் கட்டியது 100/90-18.

கேட்ட அளவு ஸ்டாக் இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் வேறு கடை பார்த்திருப்பேன். "அதை இப்ப யாரும் போடறதில்ல சார். இதைப் போடுங்க, கிரிப் பிரமாதமா இருக்கும், வண்டியும் கெத்தா தெரியும்" என்றார். ரிம்முக்குச் சரியாக வருமா என்று கேட்டதற்கு, "பதினெட்டுக்குப் பதினெட்டு, கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்று பதில் வந்தது. ரிம்மை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

18 என்பது ரிம்மின் விட்டம் மட்டும்தான், அங்குலத்தில். அகலம் தனிக்கணக்கு. டயர் அளவில் முதல் எண் அகலம், மி.மீ.யில்; இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது. என் ரிம்மில் 1.60x18 என்று அச்சடித்திருக்கிறது. 100/90 டயருக்குக் குறைந்தது 2.15 அங்குல ரிம்மாவது வேண்டும். குறுகலான ரிம்மில் திணித்தால் டயரின் இரண்டு விளிம்பும் உள்பக்கம் நெருக்கப்பட்டு நடுப்பகுதி உப்பிக்கொண்டு நிற்கும். பார்க்கத்தான் தடிமன், ரோட்டில் படுகிற பட்டை அந்த அளவுக்கு அகலமாவதில்லை. நடுவில் மட்டும் சீக்கிரம் தேயும். அவர் சொன்ன கிரிப் இந்த லட்சணம்தான்.

அடுத்தது உயரம். பழைய அளவில் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 617 மி.மீ., புதியதில் 637. தனியாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பின்னால் ஆள் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் கருகிய வாடை. குனிந்து பார்த்தால் செயின் கவரின் உள்பக்கம் பெயிண்ட் போய்த் தகரம் பளபளக்கிறது. அதன் மடிப்பில் கறுப்பு ரப்பர் தூள். டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் பிளேடால் இழுத்த மாதிரி ஒரு கோடு. மட்கார்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனை வேறு டயரின் நடுவில் கீறியிருந்தது. இதே நிலையில் வேகமாகப் போகும்போது டயர் கிழிந்திருந்தால்?

இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள். முன்பக்கம் ஸ்விங்ஆர்மில், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையில், டயர் இடிக்கக் கூடாது என்று சக்கரத்தைப் பின்னால் இழுத்து முடுக்கியிருக்கிறார்கள். செயினில் தளர்வே இல்லை. ஆள் ஏறினால் அது இன்னும் இறுகும், ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) பேரிங்கும் அடி வாங்கும். இழுவையும் கொஞ்சம் குறைந்தது. கணக்குப்படி மூன்று சதவீதம்தான், ஆனால் சின்ன இன்ஜினில் மேடு ஏறும்போது அது தெரிகிறது. ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடும் வண்டி என்பதால் அதில் மாற்றமில்லை. பின்பக்கத்திலிருந்து ஓடுகிற வண்டியாக இருந்தால் 60 காட்டும்போது நிஜத்தில் 62 போய்க்கொண்டிருப்பீர்கள்.

திரும்பக் கடைக்குப் போனேன். ஒரு பையன் சுத்தியலோடு வந்தான், செயின் கவரை வெளியே தட்டிவிட்டால் சரியாகிவிடுமாம்! வேண்டாம், டயரை மாற்றிக் கொடுங்கள் என்றேன். "ஓட்டின டயரைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்." பில்லை நீட்டினேன். அதில் "டயர் 1, டியூப் 1" என்று மட்டும் இருந்தது. அளவே இல்லை. நான்தான் பெரிய சைஸ் கேட்டேன் என்று அவர் சாதித்தால் மறுக்க என்னிடம் தாள் ஏது?

வேறொரு மெக்கானிக்கிடம் கழற்றியபோதுதான் மிச்சமும் தெரிந்தது. உள்ளே இருந்தது என் பழைய டியூப், பழைய பஞ்சர் ஒட்டோடு. புது டியூபுக்குக் காசு வாங்கியாகிவிட்டது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1121 என்றால் 2021-இன் 11-வது வாரம் தயாரித்தது. என் டயரின் எண்ணைப் பார்த்தால் வருடக்கணக்கில் கடையில் தூங்கிய சரக்கு. "யாரும் போடறதில்ல" என்றது எந்த டயரை என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே டயரைப் பார்ப்பதற்கு முன் ரிம்மில் உள்ள அகலத்தைப் படியுங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவையே கேளுங்கள். அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண் பழையதைவிடக் குறையக் கூடாது. 54 என்றால் 212 கிலோ, 47 என்றால் 175 கிலோதான் தாங்கும். டியூப் மாற்றினால் புதியதை உங்கள் கண்முன் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, கழற்றிய பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் அளவும் அந்த நான்கு எண்ணும் ஏற வேண்டும். இதையெல்லாம் பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கழற்றிவிட்டால் வண்டி ஸ்டாண்டில் தொங்கும், அப்புறம் அவர் வைத்ததுதான் சட்டம்.