நாவல் நகரணும்னா விழாவா, வார்த்தை டார்கெட்டா?

எட்டாவது அத்தியாயத்துல என் நாவல் படுத்துக்கிச்சு. முதல்ல நானோரைமோங்கற ஒரு மாச நாவல் சவாலோட கணக்கு ட்ரை பண்ணேன், 30 நாள்ல 50,000 வார்த்தை, தினம் 1,667. அத நடத்துன அமைப்பையே 2025ல மூடுறதா சொல்லிட்டாங்க, இருந்தாலும் கணக்கு கணக்குதானே. பக்கம் ஏறுச்சு, ஆனா பாதி சக்கை, ஹீரோ மூணு நாளா டீ குடிச்சிட்டே இருக்கான்.

எனக்கு செட் ஆனது டிசம்பர்ல கோவைல நடக்குற விஷ்ணுபுரம் இலக்கிய விழாதான். அங்க ஒரு வரி கூட எழுதல, ராத்திரி படுக்கறப்ப பக்கத்துல இருந்த அண்ணன்கிட்ட கதைய சொன்னேன், அவரு "ஏன் தம்பி, அந்தம்மா வீட்ட ஏன் விக்க மாட்டேங்குது?"ன்னு ஒரே கேள்வி, தூக்கம் போச்சு. என்ன, அந்த சூடு பத்து நாள் தாங்குனா பெருசு, அதுக்குள்ள உக்காந்துடணும். நான் திரும்பற பஸ்லயே டிக்கெட் பின்னாடி கிறுக்க ஆரம்பிச்சிட்டேன்.