சூட்டுக் கம்பியா, மைக்ரோவேவா?

ஆயாவின் வைரத்தோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "இதை லேப்ல வளர்க்கலாமாமே?" என்று கேட்டான். வளர்க்கலாம்தான், ஆனால் எந்த வழியில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாயுவிலிருந்து வைரத்தைப் படியவைக்கும் சூட்டுக் கம்பி, மைக்ரோவேவ் பிளாஸ்மா என்ற இரண்டு வழிக்கும் சரக்கு ஒன்றே: ஹைட்ரஜன் நிறைய, வைரத்துக்கான கார்பனைத் தரும் மீத்தேன் ஒரு சதவீதம் போல. ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து தனி அணுக்களாக வேண்டும், அவைதான் கூடவே படியும் கிராஃபைட்டை அரித்துத் தள்ளிவிட்டு வைரத்தை நிற்க வைக்கின்றன.

சூட்டுக் கம்பி முறையில் டங்ஸ்டன் கம்பியை 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, அதற்குச் சற்றுக் கீழே, வைரம் படலமாகப் படிய ஒரு சிலிக்கான் தகட்டை வைப்பார்கள். செலவு குறைவு, கம்பிகளை வரிசையாகக் கட்டினால் பெரிய பரப்பையும் மூடலாம். தொல்லையே அந்தக் கம்பிதான்: கார்பனை உறிஞ்சி நொறுங்கும், கொஞ்சம் டங்ஸ்டனைப் படலத்திலும் கலந்துவிடும். வளர்ச்சியும் மெதுவு, மணிக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவில்தான்.

மைக்ரோவேவ் பிளாஸ்மாவில் கம்பியே கிடையாது. 2.45 கிகாஹெர்ட்ஸ், நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கும் அதே அலைவரிசை, வாயுவையே பிளாஸ்மா (அணுக்களும் மின்துகள்களுமாக உடைந்து ஒளிரும் வாயு) உருண்டையாக்கிவிடும். படலம் சுத்தம், வேகமும் அதிகம். ஆனால் கருவி விலை கூட, பிளாஸ்மா உருண்டையின் அளவுக்குத்தான் பரப்பு.

காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால் சொல்கிறேன், கழிவுநீர் சுத்திகரிக்கும் போரான் கலந்த வைர மின்முனை வேண்டுமென்றால் என் ஓட்டு சூட்டுக் கம்பிக்கே. தோட்டில் பதிக்கிற கல் என்றால் சரி, மைக்ரோவேவ்தான். ஆயா அதைப் போட்டுக்கொள்வாரா என்பது வேறு கதை.