மேலே காய்ந்தது, அடியில் காயவே இல்லை: ஜெல் பாலிஷ் கிட் வாங்கி நான் பட்ட பாடு

தோல் மருத்துவர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல் அடைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நகத்தைக் காட்டப் போனவளிடம் பல்லைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்று விழித்தேன்.

நெயில் ஆர்ட் எனக்குப் புதிதல்ல. ஹேர்பின் முனையால் புள்ளி, பல்குச்சியால் இலை, செல்லோடேப்பை மெல்லிசாக வெட்டி ஒட்டிக் கோடு என்று சாதாரண நெயில் பாலிஷிலேயே பல வருஷம் வீட்டில் போட்டு வந்தவள். இரண்டு மூன்று நாளில் முனை உதிர்ந்துவிடும், அது ஒன்றுதான் குறை. ஒரு ஜெல் பாலிஷ் கிட்டின் விளம்பரம் சரியாக அதைப் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் அசையாது, பார்லர் தரம், யார் வேண்டுமானாலும் போடலாம். பன்னிரண்டு ஜெல் குப்பிகள், பேஸ் கோட், டாப் கோட், உள்ளங்கை அளவில் ஒரு யூவி லேம்ப். வாங்கிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குப்பிகளில் எண் மட்டும்தான் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து கிடையாது. லேம்பின் மேல் "48 வாட்" என்று ஸ்டிக்கர். ஆனால் அது ஓடுவது போன் சார்ஜரில்! என்னுடைய சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். 10 வாட் உள்ளே போய் 48 வாட் வெளியே வருமா? இந்தக் கணக்கைப் புண் வந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

வாட் குறைந்தால் என்ன, கொஞ்ச நேரம் கூட வைத்தால் போச்சு என்றுதான் நானும் நினைத்திருப்பேன். சாதாரண பாலிஷ், அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் காய்கிறது. ஜெல் அப்படிக் காய்வதில்லை. வெளிச்சம் பட்டதும் அதன் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. லேம்பின் வெளிச்சம் அந்த ஜெல்லுக்குப் போதாவிட்டால் மேல்பரப்பு பளபளவென்று கெட்டியாகிவிடும், அடியில் கோக்காத மூலக்கூறுகள் அப்படியே ஈரமாகக் கிடக்கும். தடிமனாகப் பூசினாலும், கறுப்பு போன்ற அடர்ந்த நிறம் பூசினாலும் வெளிச்சம் அடிவரை போகாது. நான் கறுப்பைத்தான், தடிமனாகப் பூசினேன். மெல்லிசாகப் பூசு என்று பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டு சொல்லவில்லை. அவர்கள் காட்டிய வீடியோவில் ஜெல் நகக்கண் வரை வழிந்துகொண்டிருந்தது.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை நகத்தைச் சுற்றி அரிப்பு. பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று சோப்பை மாற்றினேன். மூன்றாம் தடவை பொடிப்பொடியாகக் கொப்புளம், அப்புறம் தோல் வெடித்தது. விரலால் கண்ணைத் தொட்டதில் இமையும் வீங்கியது. இரண்டு நகங்கள் சதையை விட்டு மேலே தூக்கிக்கொண்டன. பயந்துபோய் ஜெல்லைப் பிய்த்து எடுத்தேன். அது என் முட்டாள்தனம், விற்றவரைச் சொல்ல முடியாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். பிய்த்தால் நகத்தின் மேலடுக்கும் கூடவே வந்துவிடும். எனக்கு வந்தது.

சந்தேகப்படும் பொருட்களைத் தடவிய பட்டைகளை முதுகில் ஒட்டிச் சோதித்ததில் "ஹீமா" என்ற பொருளுக்கு ஒவ்வாமை என்று தெரிந்தது. கோக்காமல் ஈரமாகக் கிடந்து தோலில் பட்டால் ஒவ்வாமை தரக்கூடிய அந்தச் சிறு மூலக்கூறுகளில் இதுவும் ஒன்று. அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது, பல ஜெல் பாலிஷ்களில் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கும் கலவையிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு ஒட்டும் சிமென்ட்டிலும் இதன் உறவுக்காரப் பொருட்கள் உண்டு. பல்லைப் பற்றிக் கேட்டது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், ஹீமா உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம், ஒவ்வாமை வரலாம் என்று குப்பியிலேயே அச்சிட வேண்டும். எனக்கு வந்ததோ, யார் வேண்டுமானாலும் போடலாம் என்ற பெட்டி.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். "நீங்கள் தடிமனாகப் பூசியிருப்பீர்கள், திறந்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம், வேறு யாரும் குறை சொல்லவில்லை" என்று பதில் வந்தது. நான் எழுதிய விமர்சனம் இரண்டு நாளில் காணாமல் போனது. வேறு யாரும் ஏன் குறை சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், சேர்பொருள் பட்டியல் இல்லாத குப்பியைத் தொடாதீர்கள். அந்த ஜெல்லைத் தயாரித்தவரே எந்த லேம்ப், எத்தனை நொடி என்று சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள், ஒருவர் ஜெல்லும் இன்னொருவர் லேம்பும் வேண்டாம். தோலில் பட்டால் லேம்பில் வைக்கும் முன்பே துடைத்துவிடுங்கள். அரிப்பு வந்தால் அன்றோடு நிறுத்துங்கள், என்னைப் போல மூன்றாம் தடவை வரை போகாதீர்கள்.

விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுசாகப் புதிது வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள், இது நாலாவது மாதம். போன வாரம் தற்செயலாகப் பார்த்தேன். அதே லேம்ப், அதே பன்னிரண்டு குப்பி, வேறு பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. புதிதாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள்: "குழந்தைகளுக்கும் ஏற்றது."