மூவண்ணக் கடுவனா, பெட்டையா? ஒரு கொலுசுப் பட்டறைக்காரனின் கணக்கு

மாசி மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மூவண்ணப் பூனைக்குட்டிகள் என் முன்னால் வந்து நின்றன. ஒன்று கடுவன். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் செல்லப்பிராணிகள் விற்கும் ஒரு தம்பியிடம் இருந்தது. விலை 40,000 ரூபாய். மற்றது பெட்டை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரியாக இருக்கும் என் மாமா வீட்டில் பிறந்தது; விலை ஒரு கிலோ மைசூர்பாகு. இரண்டுக்கும் வெள்ளை, கறுப்பு, செவலை என்று அதே மூன்று நிறங்கள். தள்ளி நின்று பார்த்தால் அக்கா, தம்பி என்றே சொல்லலாம். நான் பெட்டையை எடுத்தேன். கடுவனை நினைத்து இரண்டு இரவு தூக்கம் கெட்டதையும் மறைக்கவில்லை.

அழகில் இரண்டும் ஒன்றுதான். எலி பிடிப்பது குட்டியின் குணத்தைப் பொறுத்தது. அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் என் பட்டறையில் பில் புத்தகங்களை அரித்துத் தின்ற எலிகள் எந்தப் பூனையாக இருந்தாலும் ஓடியிருக்கும்.

கடுவன் அபூர்வம் என்பது பொய்யில்லை. பூனைக்குக் கறுப்பா செவலையா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு; ஒன்றில் கறுப்பும் மற்றதில் செவலையும் இருக்கலாம். கருவில் வளரும்போதே ஒவ்வொரு செல்லும் அந்த இரண்டில் ஒன்றை மூடிவைத்துவிடுகிறது. கறுப்பை மூடிய இடம் செவலை, செவலையை மூடிய இடம் கறுப்பு. இந்த மூடுவித்தையை 1961இல் எலிகளைக் கொண்டு விளக்கியவர் மேரி லயன் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர். (வெள்ளைத் திட்டுகள் வேறொரு மரபணுவின் வேலை.) கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் கறுப்பு அல்லது செவலை, ஏதோ ஒன்றுதான் வாய்க்கும். இரண்டும் வேண்டுமென்றால் வழக்கமான 38 குரோமோசோம்களுக்குப் பதில் 39 இருந்து, எக்ஸ் எக்ஸ் ஒய் என்று பிறக்க வேண்டும். இரண்டு கருக்கள் ஒட்டி ஒரே குட்டியாகப் பிறப்பதும் எப்போதாவது நடக்கும். மூவண்ணப் பூனைகளில் மூவாயிரத்துக்கு ஒன்றுதான் கடுவன் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

அதனால் முதலில் நான் சந்தேகப்பட்டது குட்டி உண்மையில் ஆணா என்பதைத்தான். வாலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆண் குட்டிக்கு ஆசனவாய், குறி இரண்டும் வட்டப் புள்ளிகளாக, நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டு இருக்கும். பெட்டைக்குக் கீழே இருப்பது சின்னக் கீறல். மேலே உள்ள புள்ளிக்கு ஒட்டினாற்போல் இருக்கும். என் கண்ணை நம்பாமல் கால்நடை மருத்துவரிடமும் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, "ஆண்தான், சந்தேகமில்லை" என்றார். ஏமாற்று வேலை இல்லை. தம்பி சொன்னது முழுக்க நிஜம்.

அப்புறம் ஏன் வாங்கவில்லை? எனக்குத் தெரிந்த தொழில் வெள்ளி. கொலுசை வாங்கும்போது வேலைப்பாட்டுக்குச் செய்கூலி, சேதாரம் என்று எல்லாம் கொடுக்கிறீர்கள். திருப்பி விற்க வரும்போது கடைக்காரர் எடையையும் டச்சையும் (வெள்ளியின் சுத்தம்) பார்த்து வெள்ளிக்குக் காசு கொடுப்பார். மணியின் நெளிவுக்குக் கொடுக்க மாட்டார். ஆனாலும் உருக்கினால் கட்டியாவது மிஞ்சும். மூவண்ணக் கடுவனை எதில் போட்டு உருக்குவது?

பூனைக்கு விலை குட்டியில்தான் இருக்கிறது. எக்ஸ் எக்ஸ் ஒய் கடுவன் அநேகமாக மலடு. மிக அரிதாகக் குட்டிக்குத் தகப்பனாகும் மூவண்ணக் கடுவன் கிடைத்தாலும் அதன் ஆண் குட்டிகள் அப்பனைப் போல மூவண்ணத்தில் வருவதில்லை, ஏனென்றால் அந்த விபத்து வாரிசுக்குப் போவதில்லை. பாரசீகப் பூனை என்பதுபோல மூவண்ணம் ஓர் இனமும் அல்ல, வெறும் நிறம்தான். வம்சச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? குளோனிங் முறையில் நகலெடுத்தாலும் நடக்காது. 2001இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற மூவண்ணப் பெட்டையை நகலெடுத்தார்கள். பிறந்த சிசி என்ற குட்டியில் செவலை இல்லவே இல்லை.

தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு வருடம் கழித்து நானே கொண்டுவந்தால், பாதி விலைக்காவது நீ திரும்ப எடுத்துக்கொள்வாயா?" அவர் குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "அண்ணா, இதை வாங்கினவங்க யாராவது திருப்பி விற்பாங்களா?" என்றார். கொலுசுக் கடையில் அந்தப் பதிலைச் சொன்னால் வாடிக்கையாளர் படியிறங்கிவிடுவார்.

அபூர்வத்துக்கு வேறு மதிப்பும் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானிய மாலுமிகள் மூவண்ணக் கடுவனை அதிர்ஷ்டமாகக் கருதிக் கப்பலில் வைத்திருந்தார்கள். 1956இல் அன்டார்க்டிகாவுக்குப் புறப்பட்ட ஜப்பானியக் குழுவோடு தாகேஷி என்ற மூவண்ணக் கடுவன் போனது. குழுத் தலைவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம்மூரில் பூனை குறுக்கே போனால் வீடு திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறோம்.

பெட்டையின் செலவையும் சொல்லிவிட வேண்டும். கருத்தடைக்கு வயிற்றைக் கிழித்துத் தையல் போட வேண்டும். மருந்தோடு 3,500 ரூபாய் ஆனது. பத்து நாள் கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு சுவரில் இடித்துக்கொண்டே திரிந்தது. கருத்தடை செய்யாமல் விட்டால் வருடத்துக்கு இரண்டு, மூன்று ஈற்று. கடுவனுக்கு அந்தச் செலவே இல்லை, மலடுதானே என்று தம்பி சொன்னார். அது சரியில்லை. மலடு என்றாலும் விந்தகம் ஆண் சுரப்பைச் சுரக்கும்; சுவரில் மூத்திரம் பீச்சும் பழக்கம் வரலாம். அதையும் அறுவை செய்யத்தான் வேண்டும், செலவு கொஞ்சம் குறைவு. அதன் உடம்பு பத்து வயதில் எப்படி இருக்கும் என்பது பற்றி நான் பேசக்கூடாது. மூவண்ணக் கடுவனை ஒரு நாள்கூட வளர்த்ததில்லை. கையில் பிடித்ததே பத்து நிமிடம்.

பெட்டையை அட்டைப்பெட்டியில் வைத்து ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறக்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் நான்காவதிலேயே வாந்தி எடுத்தது. அடிவாரம் வந்ததும் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு கால் வெளியே வந்தது, பாதி செவலை, பாதி கறுப்பு. இப்போது பட்டறையில் பெரிய தராசுத் தட்டில்தான் தூக்கம். வெள்ளி நிறுக்கும்போது தூக்கி இறக்கிவிட வேண்டியிருக்கிறது.

போன வாரம் தம்பி போன் செய்தார். கடுவன் இன்னும் விற்கவில்லையாம்; வளர்ந்துவிட்டதாம்; 8,000 என்றார். "சும்மா கொடுத்தால்?" என்று மகள் கேட்டாள். சும்மா என்றால் இன்றைக்கே எடுத்துக்கொள்வேன் என்றேன்.